எம்மா, நீ அனுப்பிய லிஸ்ட் பார்த்தேன்

எம்மா,

கேம் விளையாட உன் கம்ப்யூட்டரில் என்னென்ன மாற்றலாம் என்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய லிஸ்டைப் பார்த்தேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா போனை வாங்கிக்கொண்டு விடமாட்டாள், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே அம்பாசமுத்திரத்தில் எல்லாரும் சௌகரியம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. ஆச்சி கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது அதே ரகளைதான். மேலத்தெரு விஷயத்தை நான் பேசி முடித்துவிட்டேன், நீ அதை யோசிக்க வேண்டாம்.

சரி, லிஸ்டுக்கு வருகிறேன். டிடிஆர்5 ரேம் என்று எழுதியிருக்கிறாய். உன் பி450 மதர்போர்டு டிடிஆர்4 ரேமுக்கானது, அதில் இது உட்காரவே உட்காராது, ரேமின் நடுவில் இருக்கிற வெட்டே வேறு இடத்தில் இருக்கும். இது தெரியாத பிள்ளையா நீ? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நம் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து டிவி போர்டில் கெபாசிட்டர் மாற்றியவள். ராத்திரி மூன்று மணிக்கு மேல் எழுதினால் இப்படித்தான் ஆகும். 2025 கடைசியில் இருந்து ஏஐ கம்பெனிக்காரர்கள் டேட்டா சென்டருக்கு என்று வாரிக்கொண்டு போனதில் ரேம் விலை எங்கேயோ போய்விட்டது, அதனால் புது செட் வேண்டாம். இருக்கிற 8 ஜிபியோடு அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 வாங்கி, பிராசஸர் பக்கத்தில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடு.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்ற வேண்டாம், 500 வாட்ஸ் இருக்கிறது என்கிறாயே, அங்கேதான் எனக்குப் பயம். அட்டையில் போட்டிருக்கிற 500-ஐப் பார்க்காதே. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12-ஆல் பெருக்கு. 18 ஆம்பியர் என்றால் 216 வாட்ஸ்தான், பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் அதற்குள்தான் ஓட வேண்டும். போன வாரம் இதே மாதிரி பெயர் தெரியாத ஒன்று ரிப்பேருக்கு வந்தது. பிரித்தால் கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில் கரண்டில் வருகிற இரைச்சலை வடிகட்டுகிற ஃபில்டர் காயிலுக்கு உண்டான ஓட்டைகள் இருக்கின்றன, காயில் இல்லை, இரண்டு கம்பித் துண்டை வைத்து ஈயம் வைத்திருக்கிறான். அதை நம்பி கார்டைச் செருகுவாயா?

உன்னிடம் இப்போது இருக்கிற 1050 டிஐ கார்டு, மதர்போர்டில் இருந்தே 75 வாட்ஸ் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். நீ கேட்கிற ஆர்எக்ஸ் 6600 மட்டும் 132 வாட்ஸ் தின்னும், 8 பின் கேபிள் தனியாக வேண்டும். கார்டு நல்ல கார்டுதான், 8 ஜிபி மெமரி இருக்கிறது, 1080பி ஸ்கிரீனுக்கு அதற்கு மேல் உனக்கு வேண்டாம். ஆனால் முதலில் எஸ்எம்பிஎஸ், 550 வாட்ஸ், நல்ல கம்பெனி, பில்லோடு. 80 பிளஸ் பிரான்ஸ் என்று போட்டிருப்பது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, அது இருந்தால் மட்டும் நல்ல மால் என்று ஆகிவிடாது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று எப்போதோ சொன்னாய், அந்த வீட்டு மூன்று பின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று ஆளை விட்டுப் பார்க்கச் சொன்னேன், நீ பார்க்கவில்லை. சொன்னதை எப்போது கேட்டாய், சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கே வராதவள்.

பிராசஸரை இப்போதே மாற்றாதே. விளையாடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார், கார்டு நூறில் நின்றால் குறை கார்டில், கார்டு அறுபதில் இருக்கும்போதே கேம் திணறினால்தான் பிராசஸரைப் பார்க்க வேண்டும். அப்போதும் போர்டை மாற்ற வேண்டியது இல்லை, உன் ரைசன் 2600 பிராசஸரை எடுத்துவிட்டு 5600 போடலாம்.

மானிட்டரை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று பார்க்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். ஒரு ஹெச்டிஎம்ஐ இருந்தால் போதுமாம். அதை வாங்கும்போது இரண்டு வேண்டும், ஒன்று ஆபீஸ் லேப்டாப்புக்கு என்று கடை கடையாக அலைந்தவள் நீ. இப்போது ஒன்று போதும் என்றால் சரி, நான் எதுவும் கேட்கவில்லை. மானிட்டரை விற்காதே, அவ்வளவுதான். கேம் விளையாடு, வேண்டாம் என்று நான் என்றைக்குச் சொன்னேன், ஆனால் விற்றுத்தான் விளையாட வேண்டும் என்று நம் வீட்டில் இல்லை. அப்புறம் எஸ்எம்பிஎஸ், மறந்துவிடாதே.

5600 போடுவதற்கு முன்னால், பழைய பிராசஸர் இருக்கும்போதே மதர்போர்டுக்குள் இருக்கிற பயாஸ் சாஃப்ட்வேரை அப்டேட் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம். அங்கே உன்னிடம் யுபிஎஸ் இல்லை, இங்கே கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதனால் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்துவிடு, ஜங்ஷனுக்கு நான் வந்து நிற்கிறேன். லீவு எத்தனை நாள் என்று இப்போதே சொல்ல வேண்டியது இல்லை. ரிட்டர்ன் டிக்கெட்டும் போடாதே, பார்த்துக்கொள்ளலாம்.

கார்டுக்கும் சேர்த்து ஜிபேயில் போட்டிருக்கிறேன். அம்மா கேட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் என்று சொல்.

அப்பா