3 மீட்டர் சாலையில் 80 கி.மீ. வேகம்: பிரான்சின் மாவட்ட மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கோடைதோறும் உங்கள் மாவட்டங்களின் ஊர்ப்புறச் சாலைகளில் மிதிவண்டிப் பயணம் செய்பவன் நான். பாரிசின் புறநகர் ஒன்றில் வாழ்கிறேன். இம்மடலின் பிரெஞ்சு வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதுவது, பாரிசின் லா ஷாப்பெல் பகுதியில் கடை நடத்துவோரும் அங்கு வந்து போவோருமான எம்மவர் கண்ணிலும் இது பட வேண்டும் என்பதற்காக.

நான் கேட்பது ஒன்றுதான். புதிய மிதிவண்டிப் பாதைகளைத் திறந்துவைப்பதில் நீங்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, எவரும் திறந்துவைக்காமலே அமைதியாகக் கிடக்கும் சிறு சாலைகளைக் காப்பதிலும் காட்டுங்கள்.

கார்கள் புகாமல் மிதிவண்டிக்கும் நடப்போருக்குமென ஒதுக்கிய பசுமை வழிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1997-இல் சோன்-எ-லுவார் மாவட்டத்தில் ழிவ்ரிக்கும் க்ளுனிக்கும் இடையே, கைவிடப்பட்ட இருப்புப்பாதையின் தடத்தில் நாட்டின் முதல் பசுமை வழி அமைந்தபோது தொடங்கிய நல்ல காரியம் அது. நீராவி எஞ்சினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது என்பதற்காக அன்று மண்ணை வெட்டியும் கொட்டியும் சமன் செய்த தடத்தில், இன்று சுமையோடு செல்லும் முதியவரும் சக்கரம் பழகும் குழந்தையும் மூச்சு வாங்காமல் போகிறார்கள். புய்க்ஸி, கோர்மத்தேன் போன்ற ஊர்களின் வழியே போகையில் காதில் விழுவது நம் வண்டிச் சங்கிலியின் ஓசையும் வேலிக்கப்பால் புல் மேயும் வெள்ளை ஷாரொலே மாடுகளின் மூச்சும் மட்டுமே. க்ளுனிக்குத் தெற்கே, சுமார் 1.6 கி.மீ. நீளமுள்ள புவா க்ளேர் சுரங்கப்பாதையைக் குளிர்காலத்தில் வௌவால்களின் உறக்கத்துக்காக மூடிவிட்டு, எங்களைக் குன்றின் மேல் ஏறிப் போகச் சொல்கிறார்கள். அந்த ஏற்றத்தில் கால் கடுத்தபோதும், வௌவாலின் அமைதியை மதிக்கத் தெரிந்த நிர்வாகத்தின் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

ஆனால் இருப்புப்பாதை போன ஊர்களுக்குத்தான் பசுமை வழியும் போகும். மற்ற ஊர்களுக்குச் சாலைதான். பிரான்சின் சாலைகள் மொத்தம் சுமார் 11 லட்சம் கி.மீ.; அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உங்கள் பொறுப்பில் இருக்கிறது. மிஷ்லேன் சாலை வரைபடத்தில் சிவப்பும் மஞ்சளுமான கோடுகளுக்கிடையே வெள்ளையாக ஓடும் மெல்லிய கோடுகளைப் பாருங்கள். இரண்டு சிற்றூர்களுக்கிடையே பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. போக்குவரத்து அகலமானதைத் தேர்ந்துகொள்ள, மற்றது டிராக்டருக்கும் அஞ்சல் வண்டிக்கும் எங்களுக்கும் மீந்துவிடுகிறது. செந்த்-எத்தியேனில் வாழ்ந்த, வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட போல் து விவி (1853–1930) மிதிவண்டிச் சுற்றுலாவை இந்நாட்டில் ஒரு வாழ்க்கை முறையாக்கியபோது, பசுமை வழி என்ற சொல்லே இல்லை. அவர் போனதும் சாலைகளில்தான்.

அந்தச் சாலைகளின் நிலைதான் எனக்குக் கவலை தருகிறது. ஊர் எல்லைக்கு வெளியே, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளின் வேக வரம்பு 2018 ஜூலை முதல் 80 கி.மீ. என்று குறைக்கப்பட்டது, வரம்பை மாற்ற உங்களுக்கு இடமளித்த 2019 டிசம்பர் சட்டத்துக்குப் பிறகு உங்களில் சிலர் சில சாலைகளில் அதை மீண்டும் 90 ஆக்கினீர்கள். எல்லா விவாதமும் பெரிய சாலைகளைப் பற்றியே நடந்தது. வேறு பலகை இல்லாவிட்டால், இருபுறமும் புதர்வேலி அடர்ந்த 3 மீட்டர் அகலச் சந்துச் சாலைக்கும் அதே 80 தான் வரம்பு என்பதை எவரும் பேசியதாக நினைவில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். காரின் அகலம் 1.8 மீட்டர், என் கைப்பிடியின் அகலம் 60 சென்டிமீட்டர் என்று கொண்டாலும், சட்டப்படி முந்த ஏறக்குறைய 4 மீட்டர் தேவை. சாலையோ 3 மீட்டர். ஆகவே சட்டத்தை மதிக்கும் ஓட்டுநர் என் பின்னால் மெதுவாக வந்து, நான் ஓரிடத்தில் ஒதுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முதலில் அவரால் வேகத்தைக் குறைக்க முடிய வேண்டும். ஓட்டுநர் பயிற்சியில் சொல்லித்தரும் எளிய கணக்கின்படி 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 64 மீட்டர் வேண்டும். 50 என்றால் 25 மீட்டர் போதும். புதர்வேலி மறைக்கும் வளைவில் எதிரே 30 மீட்டர் தெரிந்தாலே பெரிது. அப்படியொரு வளைவில் ஒருமுறை பைகளோடும் வண்டியோடும் பள்ளத்தில் இறங்கித் தப்பியவன் நான். வந்த ஓட்டுநர் பதறிப்போய் இறங்கி மன்னிப்புக் கேட்டார். கைபேசி காட்டிய குறுக்கு வழியில் வந்ததாகச் சொன்னார். அவர் எந்த விதியையும் மீறியிருக்கவில்லை.

இத்தகைய சாலைகளில் 50 கி.மீ. வரம்பை வையுங்கள். இணையாக வேறு சாலை இருக்கும் இடங்களில், அங்கு வசிப்போரும் உழவு வண்டிகளும் தவிரக் கடந்து செல்லும் வாகனங்களுக்குத் தடை விதியுங்கள். ஊராட்சிச் சாலைகளில் அந்த அதிகாரம் மேயர்களிடம் இருப்பதால் அவர்களையும் அழைத்துப் பேசுங்கள். மருத்துவரையும் பள்ளியையும் தேடி நெடுந்தொலைவு காரில் போக வேண்டிய ஊர்மக்களின் நேரம் வீணாகும் என்று எதிர்ப்பு வரும். அதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் 10 கி.மீ. தொலைவை 80-க்குப் பதில் 50-இல் கடந்தால் கூடுவது நாலரை நிமிடம். அந்த வளைவுகளில் 80-ஐ விடாமல் பிடிக்க யாராலும் முடியாது என்பதால் உண்மையில் அதுவும் ஆகாது.

இது புதுமையும் அல்ல. ஏறக்குறைய 900 கி.மீ. நீளும் லுவார் ஆற்றோர மிதிவண்டி வழியிலேயே பல பகுதிகள் போக்குவரத்துக் குறைந்த சாதாரணச் சாலைகள்தான். வழிகாட்டிப் பலகைகள் நட்டதே அங்கு நடந்த பெரிய வேலை.

இன்னும் இரண்டு சிறு வேண்டுகோள்கள். பசுமை வழி சாலையைக் கடக்கும் இடங்களில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்த வளைதடுப்புகள் சிலவற்றில் பைகளைக் கழற்றாமல் நுழைய முடிவதில்லை. இழுவண்டியில் குழந்தையோடு வருபவர் என்ன செய்வார்? அடுத்தது, நாங்கள் புட்டியில் தண்ணீர் நிரப்புவது பெரும்பாலும் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாயில். பூச்செடிகளுக்கென வைத்த அந்தக் குழாய்களை மூடிவிடாமல், குடிக்கத் தக்கதா இல்லையா என்று ஒரு வரி எழுதி வைக்குமாறு ஊராட்சிகளிடம் சொன்னால் போதும்.

நான் பயணம் செய்த ஊர்ப்புறச் சாலைகளின் எண்களை, ஒவ்வொன்றின் தோராய அகலத்தோடும் பார்வை மறையும் வளைவுகளின் குறிப்போடும் மாவட்டவாரியாகப் பிரித்து, பிரெஞ்சு வடிவத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான சாலைச் செலவுத் திட்டம் உங்கள் மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வருமுன், அவற்றில் ஏதேனும் ஒன்றில், பலகையை எங்கே நடலாம் என்று பார்க்க உங்கள் பொறியாளரை அனுப்பி வையுங்கள், இயன்றால் மிதிவண்டியில்.

மதிப்புடன்,
ஊர்ச் சாலைகளின் மிதிவண்டிப் பயணி ஒருவன்