அந்த மாணவியின் படைப்பை மறுபடி பாருங்கள்

அறிவியல் கண்காட்சி நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். பவளத்தின் வயதை வைத்துப் பழங்காலக் கடல்மட்டத்தைக் கண்டறிவது பற்றிப் படைப்பு வைத்த எங்கள் பத்தாம் வகுப்பு மாணவியின் மதிப்பெண் தாளில் "மாவட்டத்துக்குத் தொடர்பில்லாத தலைப்பு" என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டீர்கள். அவள் படைப்பைத் திரும்பப் பார்த்து மதிப்பிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பென்னாகரம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பிள்ளை, வராண்டா கடைசியில் போட்ட மேசையருகே சாயங்காலம்வரை நின்றாள். "தருமபுரியில கடல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள். அவள் வாய் திறப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டீர்கள்.

நின்றிருந்தால் சொல்லியிருப்பாள். மான்கொம்புபோல் கிளைவிடும் ஒருவகைப் பவளம் வெளிச்சம் படும் ஆழமில்லாத நீரில்தான் தழைக்கும். அதனால் அது கிடைக்கும் ஆழம் அன்றைய கடல்மட்டத்தைக் காட்டும். வளரும்போது கடல்நீரிலுள்ள யுரேனியம் அதன் கூட்டில் சேரும். தோரியம் அநேகமாகச் சேராது. பிறகு யுரேனியம் சிதைந்து தோரியம் கூடக் கூட, இரண்டின் விகிதம் வயதைச் சொல்லிவிடும். கரீபியன் தீவான பார்படோஸின் கடலடியில் துளையிட்டு எடுத்த இந்தப் பவளங்கள்தான், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்ததைக் காட்டின. அந்தத் தீவே ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் 30 செ.மீ. உயர்ந்துவருகிறது. அதையும் கணக்கில் எடுத்துத்தான் கிராஃப் தாளில் ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் வைத்திருந்தாள். அந்தத் தாளை நீங்கள் கையில்கூட எடுக்கவில்லை.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது என்று கண்டதும் யுரேனியச் சிதைவை வைத்துத்தான். யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாகும்; பாறையில் அந்த ஈயத்தை அளக்கிறார்கள், பவளத்தில் இடையில் உண்டாகும் தோரியத்தை. ஒகேனக்கல்லில் விழும் காவிரி பூம்புகாரில் கடல் சேர்கிறது. கடல் ஏறினால் அடிவாங்கப்போவது அந்த டெல்டா. இதற்குமேல் என்ன தொடர்பு வேண்டும்?

வருஷா வருஷம் சொட்டுநீர், மழைநீர் சேகரிப்பு, மாங்கூழ்க் கழிவு என்றே பரிசு போகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பிள்ளைகளின் யோசனையை மாவட்ட எல்லையிலுள்ள தொப்பூர் கணவாயோடு நிறுத்தப் பார்ப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பரிசு கேட்கவில்லை. அவளை அழைத்துக் கால்மணி நேரம் கேளுங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். பவளக் கூட்டின் சுண்ணாம்புப் பொருளான அரகோனைட், கால்சைட் என்ற வேறு படிக வடிவமாக மாறியிருந்தால் அந்த வயதை நம்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட மாதிரிகளை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று விளக்குவாள். தேதியை மட்டும் சொல்லுங்கள், நானே கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அறிவியல் ஆசிரியர்
தருமபுரி மாவட்டம்