எங்கள் சபை ஜெபக்குழுவுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

ஜெபக்குழுப் பொறுப்பாளர்களுக்கும் சபைப் போதகரான ஐயர் அவர்களுக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களில் ஒருவரிடம் மட்டும் நான், "மனசுக்குள்ளயே வச்சு ஜெபம் பண்ணுங்கக்கா" என்று அழுதுகொண்டு சொன்ன காரியம், மூன்றாம் நாள் மைக்கில், எல்லாரும் ஜெபிக்கும்படி அறிவிக்கும் ஜெபக்குறிப்பாக வந்தது. பெயர் சொல்லவில்லை என்கிறீர்கள். "ஈஸ்டருக்கு அப்புறம் தாய்வீட்டில் வந்திருக்கும் மகள்" என்றால் எங்கள் தெருவில் வேறு யார்?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து என் மகள் கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு அம்மா அவள் கையைப் பிடித்து, "உனக்காகத்தான் ஜெபிக்கிறோம்" என்று தொடங்கி, பெற்ற தாயே கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியை அத்தனை பேர் நடுவில் கேட்டார். அதை இங்கே எழுத மாட்டேன். அவள் ஒரு செருப்பைக் காலில் போட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடியே வீடுவரை நடந்து வந்தாள். அன்று அலமாரியில் வைத்த வேதாகமப் பை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் யார் காரியத்தையும் ஜெபக்குறிப்பாக அறிவிக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

வேதாகமத்தில் பிள்ளை வரம் கேட்டு அழுத அன்னாளைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! சீலோ ஆலயத்தில் ஜெபித்தபோது அவள் உதடு மட்டும்தான் அசைந்தது. குடித்து வெறித்திருக்கிறாள் என்று முதலில் தப்பாக நினைத்த ஆசாரியன் ஏலி, விஷயம் அப்படியல்ல என்று தெரிந்ததும், உனக்கு என்ன குறை என்று துருவவில்லை. நீ கேட்டதைத் தேவன் தருவாராக, சமாதானத்தோடே போ என்றார். அவள் என்ன கேட்டாள் என்றே தெரியாமல் ஆசீர்வதித்தார். என் பிள்ளைக்கு அப்படி ஒரு ஜெபம் போதுமாயிருந்தது.

இதைப் பற்றிக் கேட்கப் போன என்னிடம் வேதாகமத்தில் யாக்கோபு 5:16-ஐக் காட்டினீர்கள். அதில் "உங்கள் குற்றங்களை" அறிக்கையிடுங்கள் என்றுதானே இருக்கிறது? அடுத்த வீட்டுக் கண்ணீரை அறிக்கையிட அந்த வசனம் யாருக்கும் உரிமை தரவில்லை.

வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். ஒருவருடைய ஸ்கேன் ரிப்போர்ட், இன்னொருவர் வீட்டுக் கடன், யாரோ ஒரு பையனின் குடிப்பழக்கம், எல்லாமே "பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று வருகிறது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பத்து நிமிடத்தில் சந்தைவரை பேச்சு போய்விடுகிறது. நோய் வந்தவர்கள் நமக்குச் சொல்லப் பயந்து, தனியாகப் பஸ் ஏறி வைத்தியத்துக்குப் போய் வருகிறார்கள். துணைக்கு ஒரு ஆள் இல்லை. இதற்கா நமக்கு ஒரு சபை? ஜெபக்குழு என்றாலே ஜனங்கள் வாயை மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோமே!

கோபத்தில் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா சாகக் கிடந்தபோது இரவெல்லாம் முழங்காலில் நின்றவர்களும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வேறு சபைக்குப் போகாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

தயவுசெய்து, ஒருவர் காரியத்தைச் சொல்லுமுன் அவரிடமே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், "ஒரு சகோதரிக்காக" என்று மட்டும் ஜெபியுங்கள்.

இந்த மடலை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாய்