தாத்தாட சின்னிவிரல்

என்ர செல்ல மகளுக்கு,

நேற்று நீ போன்ல அழாக்குறையாக் கதைச்சதுக்குப் பிறகு எனக்கு நித்திரையே வரேல்லை, அதான் எழுதுறன். அந்தத் தோட்டத்து ஆச்சி வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கண்ட உடன கதவைச் சாத்திப்போட்டா, "கையெழுத்து மட்டும் கேக்காதீங்க" எண்டவ எண்டு சொன்னனீயெல்லே. நீயும் உன்ர கம்பஸ் பிள்ளையளும் சனி ஞாயிறில பஸ் ஏறிப்போய் தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயம் லயமாத் திரிஞ்சு வாக்காளர் இடாப்பில பேர் பதியப் பண்ணுறது எனக்குப் பெரிய பெருமை. ஆனா அந்த ஆச்சியோட கோவிக்காத பிள்ளை.

என்ர அப்பாவ, உன்ர தாத்தாவ நினை. அவற்ற அப்பா 1947 தேர்தல்ல வோட்டுப் போட்டவர். 1948ல தோட்டத்துத் தமிழ்ச் சனத்தின்ர பிரஜாவுரிமையைப் பறிச்ச சட்டம் வந்துது, 1952 தேர்தலுக்குத் தோட்டத்துச் சனத்தில கனபேற்ற பேர் இடாப்பிலயே இல்லை. பிறகு 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு 300,000 பேர் இங்க எண்டு ஆடு மாடு மாதிரி எண்ணிப் பிரிச்சவை. எந்தக் கடதாசியில கைநாட்டு வைச்சாலும் கப்பல் ஏத்திப்போடுவாங்கள் எண்டு பயந்து பயந்து இருந்ததா தாத்தா சொல்லுவார், அந்த ஆச்சிக்கும் அதே பயம்தான் இருக்கும்.

1977 கலவரத்தோட நாங்கள் வவுனியாவுக்கு வரேக்க எனக்கு 5 வயசு. அங்க டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்தின காந்தியம் எண்ட தொண்டு அமைப்பு இருந்துது, உன்ர வயசுப் பெடியள் பெட்டையள்தான் எங்களுக்கு மண்ணில ஆனா ஆவன்னா எழுதப் பழக்கினவை. டொக்டரை 1983ல வெலிக்கடைச் சிறையில கொலை செய்துபோட்டாங்கள், அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறும். அந்த அண்ணாமார் வந்த உடன பேர் விபரம் கேக்கேல்லை மகள், முதல்ல தாத்தாவோட நிண்டு கொட்டில் மேஞ்சு தந்தவை.

2003ல பிரஜாவுரிமையைத் திருப்பிக் குடுக்கிற சட்டம் வந்தும் தாத்தாவுக்குச் சரிவரேல்லை. சண்டை, இடம்பெயர்வு, 2009 கடைசிச் சண்டையில மாத்தளன்ல தகரப்பெட்டியோட எல்லாக் கடதாசியும் போச்சு. மெனிக்பாம் அகதி முகாமால வந்து ஒரு கந்தோருக்கு ஏழு தரம் அலைஞ்சவர், பேரில ஒரு எழுத்துப் பிழையாம், திருப்பித் திருப்பி அனுப்பினவை. கடைசியில பக்கத்து வளவுப் பெடியன், ஏ.எல் எழுதிப்போட்டு நிண்டவன், சைக்கிள்ல ஏத்திக்கொண்டுபோய்க் கதைச்சு முடிச்சுக் குடுத்தான்.

2013 செப்டெம்பர் 21, வடக்கு மாகாணசபைத் தேர்தல். தாத்தாவுக்கு 77 வயசு. விடியப்பறமே முழுகி வெள்ளைவேட்டி கட்டி, பள்ளிக்கூட கேற் திறக்க முதலே போய் நிண்டவர். புள்ளடி போட்டிட்டு வெளியில வந்து இடக்கைச் சின்னிவிரலை வெயிலுக்குப் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தார். இரவு கால்முகம் கழுவேக்கையும் அந்த விரலைத் தண்ணி படாம மடிச்சு வைச்சிருந்தவர், மை போயிடுமாம்.

அந்தச் சபை 2018ல காலம் முடிஞ்சு கலைஞ்சது. தாத்தா கண்மூடும் வரைக்கும் மறுபடி மாகாணசபைத் தேர்தல் வைக்கேல்லை. மாகாணசபைக்கு அவர் ஒரேயொருக்காப் போட்ட வோட்டு அது. எனக்கு இது ஆறாது, இதையும் நீங்கள் கேக்கவேணும், சத்தமாக் கேளுங்கோ.

வாற சனி அந்த ஆச்சிட்டத் திரும்பப் போ. படிவத்தைப் பையுக்க வை, தேத்தண்ணி தந்தாக் குடி, தாத்தாட கதையைச் சொல்லு. வெள்ளிக்கிழமை பஸ்ஸில காட்டுத்தேன் ரெண்டு போத்தல் குடுத்துவிடுறன், ஒண்டு உனக்கு, மற்றது ஆச்சிக்கு.

அம்மா