அதிசயம் அல்ல, பயிற்சி

ஐயா,

விமானச் சக்கரம் இறங்காமல் போனால் "மயிரிழையில் தப்பினர்", "அதிசயம்" என்றே தலைப்பு போடுகிறோம். விமானி என்ன செய்தார் என்பது மட்டும் செய்தியில் இருப்பதில்லை.

2024 மே 13 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் பீச்கிராஃப்ட் கிங் ஏர் என்ற சிறு விமானத்துக்கு இது நேர்ந்தது. விமானியோடு இரண்டே பயணிகள். அவர் பதறாமல் மூன்று மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்தார். தீப்பிடித்தாலும் பெரிதாக எரியக்கூடாதல்லவா? தீயணைப்பு வண்டிகள் தயாராக நின்றன. வயிற்றால் ஓடுபாதையைத் தேய்த்துக்கொண்டு நேராகப் போய் நின்றது விமானம். மூவரும் நடந்தே வெளியே வந்தார்கள்.

இத்தகைய விமானங்களில் மூன்று பச்சை விளக்குகளும் எரிந்தால்தான் சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதாக அர்த்தம். ஒன்று எரியாவிட்டால் பழுது சக்கரத்திலும் இருக்கலாம், வெறும் பல்பிலும் இருக்கலாம். 1972இல் அமெரிக்காவில் ஒரு பெரிய பயணி விமானத்தின் குழுவினர், எரியாத ஒரு பல்பையே கவனித்துக்கொண்டிருந்ததில் விமானம் தாழ்ந்துகொண்டே போனதைக் கவனிக்கவில்லை; அது சதுப்பு நிலத்தில் விழுந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

சக்கரம் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் வந்த கோளாறால் 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் திருச்சி வானில் சுற்றியபோதும் தொலைக்காட்சிகள் பீதியைத்தான் கிளப்பின. உள்ளே இருந்தவர்களின் வீட்டாரை நினைத்துப் பார்த்தோமா? எரிபொருள் குறைப்பதற்காகத்தான் சுற்றுகிறது என்று அடுத்த முறையாவது முதல் வரியிலேயே எழுதுங்கள்.

– வாசகர், திருச்சி