எதுவரைக்கும் என்று கேட்கலாம்

பாளையங்கோட்டை
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கிறேஸ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உன் வீட்டுக்கார அண்ணனுக்குக் கட்டியிலிருந்து சதை எடுத்து பயாப்சி பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறது, ரிசல்ட் வர இன்னும் பத்து நாள் ஆகும், அதற்குள் உனக்குத் தூக்கம் போய்விட்டது, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கே சொல்லும்படி விசேஷம் ஒன்றும் இல்லை. ஆலயத்தில் கூரை வேலை நடப்பதால் ஆராதனை பாரிஷ் ஹாலில். மழை இல்லை, ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். அதனால் நேரே உன் விஷயத்துக்கு வருகிறேன்.

வார்த்தை வரவில்லை என்றால் அடுத்தவர் வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம். பைபிளில் சங்கீதப் புத்தகம் இருப்பதே அதற்காகத்தான். அதிலுள்ள நூற்றைம்பது பாட்டில் கணிசமான பங்கு புலம்பலும் முறையீடும்தான். சபையில் அடிக்கடி வாசிப்பது 23, 91, 121, 103 என்பதால், துதியும் அடைக்கலமும் மட்டும்தான் அதில் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நீ பதின்மூன்றை எடு. ஆறே வசனம். முதல் இரண்டு முறையீடு, நடு இரண்டு வேண்டுதல், கடைசி இரண்டு நம்பிக்கை.

அதை வாசிக்கிற விதம் ஒன்று இருக்கிறது. மனதுக்குள் ஓட்டாதே, உதடு அசையச் சொல். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்காத அளவுக்கு முணுமுணுப்பு போதும். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்ற சொல் நான்கு தடவை வரும். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, உன் காரியத்தை அந்த இடத்தில் வை. 'எதுவரைக்கும் இந்த ரிசல்ட்டுக்குக் காத்திருப்பேன்', 'எதுவரைக்கும் பிள்ளைகளிடம் ஒன்றுமில்லாதது போல் பேசுவேன்' என்று. இரண்டாம் வசனத்தைக் கவனித்தாயா? 'எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்' என்கிறான் தாவீது. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இப்படி ஆனால் என்ன, அப்படி ஆனால் என்ன என்று ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறோமே, அந்த ஆலோசனைதான். அதற்குப் பைபிளில் பேர் இருக்கிறது என்று தெரிந்தாலே கொஞ்சம் மூச்சு விடலாம்.

இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஐந்தாம் வசனத்துக்கு ஓடிவிடுவார்கள். 'உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று சொல்லிவிட்டால் விசுவாசம் வந்துவிட்டது என்று எண்ணம். அப்படி ஓடினால் மேலே நம்பிக்கை, உள்ளே அதே புழுக்கம். முதல் இரண்டு வசனத்திலேயே மூன்று நாள் நின்றாலும் தப்பில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதத்தைப் புரட்டிப் பார். அது தேறுதலுக்கே வராது. சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்ற இடத்தில் அப்படியே நின்றுவிடும். அதையும் பரிசுத்த வேதாகமம் என்று சேர்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதின கடிதம்: பிலிப்பியர் நான்காம் அதிகாரம், ஆறாம் வசனம். 'நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்' என்ற முதல் பாதியை மட்டும் உன்னிடம் யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எழுதியிருந்தாய். பாதி வசனம் பாதி மாத்திரை மாதிரி, வேலை செய்யாது. பவுல் அதை எழுதும்போது கட்டப்பட்டுக் காவலில் இருந்தார். மேலே படி: 'உங்கள் விண்ணப்பங்களை' தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறார். விண்ணப்பம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறவர்கள் 'எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் ஐயா' என்று எழுதிக் கொடுப்பார்களா? சர்வே நம்பர், பட்டா நம்பர், எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று எழுதுவார்கள். அப்படி எழுது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு விண்ணப்பம், மேலே தேதி. 'புதன்கிழமை டாக்டரிடம் போகும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்வியும் எனக்கு மறக்காமல் இருக்க வேண்டும்.' 'இன்று ராத்திரி அவர் நான்கு மணி நேரமாவது தூங்க வேண்டும்.' 'ரிசல்ட் என்னவாக இருந்தாலும் அதைக் கேட்கும்போது என் கை நடுங்கக் கூடாது.' கட்டி என்னவாக இருக்குமோ என்று பொதுவாகப் பயப்படுவதைவிட இப்படிக் கூறுகூறாக எழுதும்போது பயத்துக்கு ஒரு ஓரம், ஒரு அளவு வந்துவிடும்.

அதே வசனத்தில் 'ஸ்தோத்திரத்தோடே கூடிய' என்றும் இருக்கிறது. நோய்க்காக ஸ்தோத்திரம் சொல் என்று சிலர் உன்னைப் பிடித்து இழுப்பார்கள், அதைக் கேட்காதே. அந்தப் பக்கத்தின் அடியில், அன்றைக்கு நிஜமாகவே நடந்த ஒரு சின்ன நன்மையை எழுது, போதும். ஆட்டோக்காரர் வாசல்வரை வந்து இறக்கிவிட்டார் என்பதுகூட ஸ்தோத்திரத்துக்கு உரியதுதான். அடுத்த வசனத்தின் வாக்கையும் பார். கேட்டது கிடைக்கும் என்று அங்கே இல்லை. 'தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும்' காத்துக்கொள்ளும் என்றுதான் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்தக் 'காத்துக்கொள்ளும்' சிப்பாய்கள் பாரா நிற்கிறதற்கான சொல். பிலிப்பி ரோமப் படைவீரர்களைக் குடியேற்றின பட்டணம், அங்கிருந்தவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். பாராக்காரன் வாசலில் நிற்கிறான் என்பதற்காகத் தெருவில் சத்தம் நின்றுவிடாது.

வருஷப் பிறப்பு ஆராதனையில் உனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 (தேவன் நம்மேல் நினைக்கிறவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம்) இருந்தது என்றும், அது பொய்த்துப்போகுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசணும்டி. அட்டையில் ஒரு வசனம்தான் அச்சடிப்பார்கள். நீ முழுதாக 28, 29 இரண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம் அது. சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பின ஆட்கள் கையில் கொடுத்துவிட்டது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகும், பாபிலோனுக்கு எடுத்துப்போன ஆலயத்துப் பாத்திரங்கள் எல்லாம் திரும்பி வரும் என்று ஜனங்களுக்கு முன்னால் சொல்கிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியா சொன்னது எழுபது வருஷம். பதினோராம் வசனத்துக்கு முந்தின பத்தாம் வசனம் அதுதான். எழுபது வருஷம் என்றால் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் அநேகமாக ஊர் திரும்பவே மாட்டார்கள். ஆறுதலான வார்த்தை சொன்னவன் பொய்த் தீர்க்கதரிசி, கசப்பான கணக்கைச் சொன்னவர் மெய்யான தீர்க்கதரிசி.

சரி, எழுபது வருஷம் என்ன செய்ய வேண்டுமாம்? ஐந்தாம் வசனத்திலிருந்து படி: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். கலியாணம் பண்ணுங்கள், பண்ணிக் கொடுங்கள். சிறையிருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். அதாவது, ரிசல்ட் வரும்வரை வாழ்க்கையை நிறுத்தி வைக்காதே. பின்வாசலில் கிடக்கிற அந்தத் தொட்டிகளில் கீரை விதையைத் தூவு. இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். அதற்குள் புதன்கிழமை வந்து போயிருக்கும். அந்த வசனத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. இன்ன தேதிக்குள் இன்னது நடக்கும் என்ற ரசீதாக அதைப் பிடித்துக்கொள்ளாதே என்றுதான் சொல்கிறேன். கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் வைத்துப் பார்க்கிற பழக்கத்தையும் இந்தப் பத்து நாளைக்கு விட்டுவிடு. புலம்பல் புத்தகத்தில் விரல் விழுந்தால் அன்றைக்கு முழுக்க நீ சாப்பிட மாட்டாய்.

ராத்திரிக்கு வருவோம். கைப்பேசியில் பைபிள் வாசிக்காதே, தாள் பைபிள்தான். கைப்பேசியை எடுத்தால் வசனத்துக்கு முன்னால் வாட்ஸ்அப் நிற்கும், அதற்குப் பிறகு பயாப்சி என்று நீயே தட்டிப் பார்ப்பாய். நடுராத்திரிப் பிரசங்க வீடியோவும் வேண்டாம், அவற்றில் சத்தம் அதிகம். விழித்து இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரண்டுகொண்டே கிடக்காதே. எழுந்து நாற்காலியில் உட்கார், சின்ன விளக்கு போதும். ஐம்பத்தாறாம் சங்கீதம் மூன்றாம் வசனம்: 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.' மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறுபாதி. விடுகிற மூச்சு இழுத்ததைவிட நீளமாக, அவசரமில்லாமல். பத்து நிமிஷம். மனசு ஓடும், ஓடினால் திட்டாமல் மறுபடி முதல் பாதிக்கு வா. நான் பயப்படாத நாளில் என்று தாவீது சொல்லவில்லை, பார்த்தாயா? பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வசனத்தில் இருக்கின்றன. எட்டாம் வசனத்தில் 'என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்' என்று வரும். துருத்தி என்றதும் கொல்லன் பட்டறைதான் நம் ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே அது தண்ணீரும் திராட்சரசமும் ஊற்றி வைக்கிற தோல் பை. வறண்ட தேசத்தில் அதில் ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டார்கள். கண் அசந்தால் போய்ப் படு, சங்கீதம் முடியவில்லையே என்று உட்கார்ந்திருக்காதே. பகல் மூன்று மணிக்கு மேல் காப்பியை நிறுத்து. அது உடம்பில் பாதி இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை, அதனால் சாப்பிடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் தேவனுடைய அந்த மெல்லிய சத்தம் கேட்டது நாற்பது நாள் கழித்துத்தான். கஞ்சியும் துவையலுமாவது மூன்று வேளை உள்ளே போகட்டும்.

டாக்டர் விஷயமும் அப்படித்தான். நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் விடாமல் இருந்தால் தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடு, அது கூடினாலும் இதே மாதிரிதான் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டாலோ, இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ, ஜெபத்தோடு மனநல மருத்துவரிடமும் போக வேண்டும். ராத்திரியில் 14416க்குப் போட்டால் தமிழிலேயே பேசலாம், அரசாங்கத்து டெலிமானஸ் எண், காசு கிடையாது. மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடு. பவுலோடு கூடவே போன லூக்கா வைத்தியர்தான், அவரை மருந்துப் பையை வீசச் சொல்லவில்லை யாரும்.

கடைசியாக, தனியாக இருக்காதே. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஆண்டவரே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் 'என்னோடேகூட விழித்திருங்கள்' என்று கேட்டார். அவர்கள் தூங்கினார்கள், அது வேறு. சபையில் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம், சொன்னால் ஆளுக்கொரு வைத்தியமும் ஆளுக்கொரு வசனமும் வரும். ஒரே ஒருவரிடம் சொல், 'பதில் சொல்லாமல் பக்கத்தில் இரு' என்று தெளிவாகவே கேள். துன்பத்தில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போ, கடைசி பெஞ்சில் உட்கார். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடட்டும். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் வரவில்லையென்றால் சபை உனக்கும் சேர்த்துச் சொல்லும்.

பெரிய எழுத்துச் சங்கீதப் புத்தகம் ஒன்று இந்தத் தபாலோடு வைத்திருக்கிறேன். 13, 56, 94, 121 நான்கிலும் நூல் கட்டியிருக்கிறது. தொண்ணூற்று நாலில் பத்தொன்பதாம் வசனத்தை மட்டும் பார்: 'என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்'. பிறகு முதலாம் பேதுரு ஐந்து ஏழில், 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்' என்று வருவதையும் பக்கத்தில் வைத்துப் படி. கவலை என்கிற விசாரமும் பராமரிப்பு என்கிற விசாரிப்பும் இப்படி ஒரே வேரில் நிற்பது நம் தமிழ் வேதாகமத்தில் உள்ள ஒரு அழகு.

புதன்கிழமை சாயங்காலம் நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். நல்லதோ கெட்டதோ, முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடு, சுற்றி வளைக்காதே. அண்ணனுக்கு என் அன்பைச் சொல்.

உன்
ராணி