ஒரே பொருளுக்கு இரண்டு முறை ஜிஎஸ்டி: வெளிநாட்டுப் பார்சல்கள் குறித்து ஒரு கோரிக்கை மனு

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிங்கப்பூர்ச் சுங்கத்துறை.

நகல்: சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையம்

அனுப்புநர்
ஈசூன் வட்டாரக் குடியிருப்பாளர்கள் சிலர்

பொருள்: வாங்கும்போதே ஜிஎஸ்டி செலுத்திய வெளிநாட்டுப் பொருள்களுக்கு இறக்குமதியின்போது மறுபடியும் ஜிஎஸ்டி வசூலிக்கப்படுவதைத் தடுக்கவும், அப்படி வசூலான பணத்தை எளிதில் திரும்பப் பெற வழி செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் ஈசூனில் அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள். வீட்டிலிருந்தபடியே தையல் வேலை, கேக் வேலை என்று சிறு தொழில் செய்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் எங்களில் அதிகம். எங்களுக்கு வேண்டிய உதிரிபாகங்கள், கருவிகள், புத்தகங்கள் பல இங்கே கடைகளில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை. அதனால் இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் வாங்குகிறோம்.

வரியைக் குறைக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. 2023 ஜனவரி 1 முதல், விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் வாங்கும் இடத்திலேயே ஜிஎஸ்டி உண்டு என்ற ஏற்பாடு நியாயமானதுதான். தேக்காவில் கடை வைத்திருப்பவர் வாடகையும் கொடுத்து, வரியும் சேர்த்து விற்கும்போது, வெளிநாட்டிலிருந்து வரும் அதே பொருள் வரியில்லாமல் வீட்டு வாசலுக்கு வந்தால் அவர் எப்படிப் பிழைப்பார்? 2024 முதல் விகிதம் 9 விழுக்காடு. அதைக் கட்டுகிறோம். எங்கள் குறை, அதையே இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பது தங்கள் அலுவலர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்ல விரும்புகிறோம். 400 வெள்ளிக்குள் இருந்தால் வாங்கும்போது வரி, அதைத் தாண்டினால் இறக்குமதியின்போது வரி என்பதே ஏற்பாடு. ஆனால் விற்பனையின்போது இந்த 400 வெள்ளி வரம்பு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. சிங்கப்பூருக்குள் நுழையும்போது பார்சல் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. தையல் வேலை செய்யும் ஒருவர் 310 வெள்ளிக்கு ஓவர்லாக் இயந்திரமும் 140 வெள்ளிக்கு அதற்கான துணைக்கருவிகளும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே 400-க்குக் கீழ். ஆகவே விற்பனைத் தளம் 27.90 வெள்ளியும் 12.60 வெள்ளியும் ஆக 40.50 வெள்ளி ஜிஎஸ்டி வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் விற்பனையாளர் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார். பெட்டியின் மதிப்பு 450 வெள்ளி, வரம்பைத் தாண்டிவிட்டது. எனவே இறக்குமதி ஜிஎஸ்டி இன்னொரு 40.50. மொத்தம் 81 வெள்ளி, அதாவது 18 விழுக்காடு. சில சமயம் கூரியர் நிறுவனம், ஏற்கெனவே வரி சேர்ந்த ரசீதுத் தொகையான 490.50-ஐயே பொருளின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. அப்போது இரண்டாவது வரி 44 வெள்ளியைத் தாண்டுகிறது. வரிக்கும் வரி!

இதில் வேடிக்கை, 420 வெள்ளிக்கு ஒரே பொருளாக வாங்கியவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவரிடம் விற்பனையின்போது வரி கேட்பதில்லை. இங்கே வந்ததும் ஒரே தடவை 37.80 கட்டினால் போதும்.

ஒரே ஒரு பொருள் வாங்கினாலும் சிக்கல் வரலாம். விற்பனையின்போது வரம்பைக் கணக்கிடுகையில் போக்குவரத்து, காப்புறுதிச் செலவுகள் சேர்வதில்லை, இறக்குமதியின்போது சேர்கின்றன. 390 வெள்ளிப் பொருளுக்கு அனுப்பும் செலவு 30 வெள்ளி என்றால் அது அங்கே வரம்புக்குள், இங்கே வரம்புக்கு வெளியே. நாணய மாற்று விகிதத்தில் வரும் வித்தியாசம் தனி.

இதற்குப் பரிகாரமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டு விற்பனையாளர் தமது ஜிஎஸ்டி பதிவு எண்ணையும் எந்தெந்தப் பொருளுக்கு வரி வாங்கினார் என்ற விவரத்தையும் ஆவணங்களில் காட்டி, கூரியர் நிறுவனம் அதை இறக்குமதி அனுமதியில் குறிப்பிட்டால், இரண்டாவது வரி விலக்கப்படும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடப்பில், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிடங்கில் பெட்டி கட்டுபவர் அந்த எண்ணை ஒட்ட மறந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. இங்கே கூரியர் நிறுவனத்துக்கோ ஆயிரக்கணக்கான பெட்டிகள். எங்கள் ஒருவரின் பெட்டிக்காக நின்று விசாரிக்க அவர்களுக்கு நேரமில்லை. வரியைத் தாங்களே கட்டிவிட்டு, எங்களிடம் வசூலிக்கிறார்கள். அதற்குக் கையாளும் கட்டணம் என்று ஒன்றையும் சேர்க்கிறார்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சில பில்களில் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக்கூடப் போடுவதில்லை. ரசீதைக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் பணம் கட்டும்வரை பெட்டி கிடங்கில் கிடக்கும், கிடங்குக் கட்டணம் ஏறும், அப்புறம் பொருள் வந்த ஊருக்கே திரும்பிப் போய்விடுமோ என்ற பயம் வேறு. கட்டிவிடுகிறோம்.

கட்டிய பிறகு அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் பெரும்பாடு. விற்பனையாளரிடம்தான் கேட்க வேண்டும் என்பது விதி. விற்பனையாளர் இறக்குமதி வரி கட்டியதற்கான சான்று கேட்கிறார். அந்த அனுமதிப் பத்திரம் கூரியர் நிறுவனத்திடம் இருக்கிறது. எங்கள் கையில் இருப்பது ஒரு குறுஞ்செய்தியும் கார்டில் பணம் போனதற்கான பதிவும்தான். கூரியரைக் கேட்டால் விற்பனையாளரிடம் போகச் சொல்கிறார்கள்; விற்பனைத் தளத்தில் பதில் சொல்வது மனிதரா இயந்திரமா என்றே தெரிவதில்லை. எங்களில் ஒருவருக்குக் கடைசியில் பணத்துக்குப் பதிலாக அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளும் கூப்பன் கிடைத்தது. அரசாங்கத்துக்குக் கட்டிய வரி கூப்பனாகத் திரும்பி வருவது எந்த ஊர் நியாயம் என்று அவர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். 40 வெள்ளிக்காக 10 வெள்ளி கட்டணம் செலுத்தி, கடல் கடந்த ஒரு விற்பனையாளரை யார் இங்கே இழுத்து வருவது?

பெரிய வணிகங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த நிறுவனம் தன் எண்ணைக் கொடுத்தால் விற்பனையாளர் வரி வாங்க மாட்டார். இறக்குமதியில் கட்டியதையும் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். வரிக்குரிய ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ரவிக்கை தைப்பவர் அதற்கு எங்கே போவார்? இரண்டு வரியும் அவர் கைக்காசிலிருந்துதான் போகிறது.

மற்ற நாடுகளில் எப்படி என்று பார்த்தோம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் இதே போன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அங்கே 150 யூரோ வரம்பு, விற்கும்போதும் எல்லையிலும் பார்சல் மதிப்பை வைத்தே பார்க்கப்படுகிறது. விற்பனையாளரின் பதிவு எண் மின்னியல் தகவலாகச் சுங்கத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்கிறது. பிரிட்டனின் 135 பவுண்டு வரம்பும் பார்சல் கணக்குதான். ஒரு வரம்பு என்றால் இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோல். எங்கள் முதல் வேண்டுகோளும் அதுவே. பொருள் கணக்கோ பார்சல் கணக்கோ, எதுவானாலும் சரி, விற்பனைக்கும் இறக்குமதிக்கும் ஒன்றாக இருக்கட்டும். போக்குவரத்துச் செலவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதும் அப்படியே.

சட்டத்தைத் திருத்த நாளாகும் என்பது புரிகிறது. அதுவரை தங்கள் துறை செய்யக்கூடியவை உண்டு. ஜிஎஸ்டி கட்டிய ரசீதை வாங்கியவரே சுங்கத்துறை இணையப்பக்கத்தில் நேரடியாகப் பதிவேற்ற ஒரு வசதி வேண்டும். பார்சல் வருமுன்பே பதிவேற்றினால் கூரியர் நிறுவனம் அதைப் பார்த்துக்கொண்டு வரி கேட்காமல் விடலாம். இரண்டு தடவை கட்டியது உறுதியானால், இறக்குமதியில் வசூலான வரியை எங்கள் வங்கிக் கணக்குக்கே திருப்பித் தர வேண்டும். விற்பனையாளர் செலுத்தியதும் கூரியர் செலுத்தியதும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே அரசாங்கத்திடம்தான். அப்படியிருக்க நாங்கள் ஏன் நடுவில் இரண்டு தனியார் நிறுவனங்களிடம் கைகட்டி நிற்க வேண்டும்?

கூரியர் நிறுவனங்களுக்கும் சில நிபந்தனைகள் தேவை. பில்லில் வரி வேறு, கையாளும் கட்டணம் வேறு என்று காட்ட வேண்டும். அனுமதிப் பத்திரத்தின் எண்ணைக் கேட்காமலே தர வேண்டும். வரி தவறாகக் கேட்கப்பட்டது என்று வாங்கியவர் ரசீதோடு முறையிட்டால், அந்த விசாரணை முடியும்வரை கிடங்குக் கட்டணம் ஏறக்கூடாது.

இன்னொன்று, மோசடி. பார்சல் வந்திருக்கிறது, சிறு தொகை கட்டுங்கள் என்று வரும் பொய்க் குறுஞ்செய்திகளைப் பற்றிக் காவல்துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. உண்மையான வரிக் குறுஞ்செய்தியும் பார்க்க ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. எங்களில் வயதானவர்கள் உண்மையானதைப் பொய் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அல்லது பொய்யை நம்பிக் கார்டு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். 1799-ஐ அழைத்து மோசடியா என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பார்சலுக்கு உண்மையிலேயே வரி பாக்கி உண்டா, எவ்வளவு என்பதைச் சுங்கத்துறையிடமே சரிபார்க்க முடிந்தால்தான் சந்தேகம் தீரும். பார்சல் எண்ணைத் தட்டினால் தொகை தெரிகிற மாதிரி ஒரு பக்கம் போதும். அது தமிழிலும் மற்ற அதிகாரத்துவ மொழிகளிலும் இருந்தால், பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை பெரியவர்கள் காத்திருக்க வேண்டாம்.

இருமுறை வரி செலுத்திய ரசீதுகள் சிலவற்றின் நகல்களைப் பெயர், முகவரிகளை மறைத்து இணைத்திருக்கிறோம். தங்கள் அலுவலர்கள் விரும்பினால் நேரில் வந்து விளக்கவும் தயார். எங்களில் பலர் பகலில் வேலைக்குப் போவதால் மாலை நேரமாக இருந்தால் வசதி. இந்த மனுவின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்படும் என்பதையும், ஏற்கெனவே இருமுறை கட்டியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற இப்போதைக்கு யாரை அணுக வேண்டும் என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஈசூன் வட்டாரக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)